கறுப்பு பொனற்றில் விழுந்த அறுபத்து மூன்று துளி

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறையில் நின்ற ஆக்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பீற்றர். என் மனைவியின் அண்ணன். முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்தவன்.

றெஜினா. பீற்றரின் மனைவி. கையில் செபமாலை.

பாதர். எங்கள் கோயில் பங்குச் சுவாமி. மோட்டார்சைக்கிளில் வந்தவர் ஹெல்மெற்றைக் கழற்றவும் மறந்துபோய் நின்றார்.

மல்லிகா அக்கா. பட்டறைச் சொந்தக்காரி. ஞாயிறு லீவு. சமைத்துக்கொண்டிருந்தவவைக் கூப்பிட்டோம். விரலில் மஞ்சள் போகவில்லை.

நான். பெயர் சூசை. திறப்பை, அதாவது சாவியை, கொடுத்தவன் நான்தான்.

நடுவில் பீற்றரின் கார். கறுப்பு.

இதை எழுதக் காரணம் இதுதான். நான் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. பட்டறையில் இப்போது நிற்கிறவர்கள் எனக்குப் போன் எடுத்துக் கேட்கிறார்கள். வேறு பட்டறைக்காரரும் எடுக்கிறார்கள். "அண்ணை, கறுப்புக் காருக்கு என்ன பூசுறது? எல்லாரும் செராமிக் எண்டு கேக்கினம்." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்கு வராது. நான் அதிகம் கதைக்கிறவன் இல்லை. எழுதிவிட்டால் ஒரு தரம்தான்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். பிறகு கரையில் வள்ளங்களுக்குப் பெயின்ற் அடித்தேன். வவுனியாவுக்கு வந்து சேர்ந்த கதை எல்லாருக்கும் உள்ள கதை. அதை விடுகிறேன். நெளுக்குளத்தில் மல்லிகா அக்காவின் பட்டறையில் வேலை கேட்டேன். கார் கழுவி மினுக்குகிற இடம். முதல் வருடம் சில்லு, அதாவது சக்கரம், கழுவினேன். பிறகு கதவு. அதற்குப் பிறகுதான் எஞ்சினை மூடுகிற பொனற்றில் கை வைக்க விட்டா. படிப்பு அவ்வளவுதான்.

அக்கா என்று சொன்னாலும் அவா எனக்குப் பதினொரு வயது இளையவ. முதல் மாதம் "தங்கச்சி" என்றுதான் கூப்பிட்டேன். அவா வேலை செய்வதைப் பார்த்த பிறகு வாயில் அக்கா என்று வந்தது. பிறகு மாறவில்லை.

அவாவின் குடும்பம் மலையகத்திலிருந்து வந்து நெளுக்குளத்தில் குடியேறியது. அவா குவைத்தில் ஏழு வருடம் வீட்டு வேலை செய்தவ. அந்த வீட்டில் நாலு கார். நாலும் கறுப்பு. ட்றைவர் கழுவுவான், துடைக்கிற வேலை அவாவுக்கு. ஒரு கீறல் விழுந்தாலும் அவாவைத்தான் கேட்பார்களாம். அப்படிப் பழகின கண் அது. திரும்பி வந்து, புருசன் லொறி ஓட, தன் காணியில் தகரம் போட்டு இந்த இடத்தைத் தொடங்கினா.

அவாவின் வேலை முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிழை கண்டால் ஏச மாட்டா. ஆக்களுக்கு முன்னால் ஒரு சொல் சொல்ல மாட்டா. பிழை உள்ள இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு நிற்பா. நாங்கள் காணும் வரைக்கும் நிற்பா. கண்டால் விரலை எடுத்துவிட்டுப் போவா. ஒருநாள் ஒரு கதவில் எனக்குக் கால்மணித்தியாலம் எடுத்தது. அவாவும் கால்மணித்தியாலம் நின்றா.

இனி சீலன்ற் கதை. பெயின்றுக்கு மேலே பூசுகிற காப்பு அது. பால் மாதிரி இருக்கும். காய்ந்தால் தெரியாது. வெயிலும் உப்பும் காக எச்சமும் பெயின்றைத் தின்னாமல் பார்க்கும். வெள்ளைக் காரில் எதைப் பூசினாலும் பிழை ஒளிந்துகொள்ளும். கறுப்பில் ஒளிக்க இடமில்லை.

அக்கா கடைக்காரன் சொன்னதைக் கேட்டு வாங்கவில்லை. விபத்தில் நொறுங்கின கார் ஒன்றின் கறுப்பு பொனற்றைத் தேடி எடுத்தா. அதில் ரேப் நாடா ஒட்டி நாலு கட்டம் பிரித்தா. ஒன்றில் வக்ஸ், மெழுகு. ஒன்றில் சீலன்ற். ஒன்றில் கண்ணாடி மாதிரி இறுகுகிற செராமிக். நாலாவதில் ஒன்றும் இல்லை. மேற்கு வெயில் விழுகிற வேலியில் கட்டிவிட்டா. வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் குழாய்க்கிணற்றுத் தண்ணியில் ஒரு கோப்பை எடுத்து ஊற்றுவா. காய விடுவா. குனிந்து பார்ப்பா. ஒன்றும் சொல்ல மாட்டா. வெயில் காலம் போய், மாரி வந்து, மாரியும் போனது. அதுவரைக்கும் ஒரு வாடிக்கையாளரின் காரிலும் புதுச் சாமான் பூசவில்லை.

எங்கள் தண்ணி எப்படி என்று வன்னி ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தண்ணி கொதிக்கவைக்கிற கேத்தலுக்குள் பார்த்தால் தெரியும். வெள்ளையாகப் படியும். அதே தண்ணி கறுப்புக் காரில் காய்ந்தால் வளையம் வளையமாக நிற்கும்.

வக்ஸ் முதல் கிழமை வடிவு. கிணற்றுக்குள் பார்க்கிற மாதிரி ஆழமாகத் தெரிந்தது. பங்குனி வெயிலில் இளகிப் புழுதியைப் பிடித்துக்கொண்டது. செராமிக் கெட்டி. தண்ணி நிற்காமல் ஓடியது. ஆனால் நின்று காய்ந்த துளி வளையம் போட்டது. அந்த வளையத்தை மெசின் போட்டு அரைக்காமல் எடுக்க முடியவில்லை. சீலன்ற் மினுக்கம் நடுத்தரம். ஐந்தாம் மாதம் தேய்ந்தது. ஆனால் வளையமும் அதோடேயே கழன்று வந்துவிட்டது. பெயின்ற் அடியில் அப்படியே இருந்தது.

வேலியிலிருந்து பொனற்றை இறக்கின அன்றைக்கு அவா கொஞ்சம் நீளமாகக் கதைச்சா.

"நமக்கு இருக்கிறது தகரக் கொட்டக, அண்ணே. கதவு இல்ல. றோட்டுப் புழுதி வரும். நம்ம தண்ணி சுண்ணாம்புத் தண்ணி. பிழ வராதுன்னு சொல்ல ஏலாது. வந்தா எடுக்கணும். எடுக்க முடியாதத நான் யாரு காருலயும் பூச மாட்டேன்."

கண்ணாடி அறை கட்டி, வடிகட்டின தண்ணியில் வேலை செய்கிறவன் செராமிக் பூசட்டும். அது நல்ல சாமான்தான். நான் எங்கள் இடத்தைச் சொல்கிறேன்.

பூசுகிற முறை இது. முதலில் புறங்கையைப் பொனற்றில் வைத்துப் பார்ப்போம். சூடு என்றால் தொட மாட்டோம். காலை ஒன்பதுக்கு முன்னம், அல்லது நிழலில் வைத்து ஆறவிட்டு. கழுவ இரண்டு வாளி, ஒன்று சோப்புக்கு, ஒன்று துணி அலச. கடைசித் தண்ணி மழைத்தண்ணி. அக்கா கூரையில் பீலி வைத்து பரல் பீப்பாயில் பிடிப்பா. மழை இல்லாத காலம் பற்றரிக்கு ஊற்றுகிற தண்ணியைக் கானில் வாங்குவா. அதில் சுண்ணாம்பு இல்லை.

பிறகு கீறல் எடுக்க பொலிஷ். பிறகு ஸ்பிரிற்றால் எண்ணெய் போகத் துடைப்பு. அதற்குப் பிறகு சீலன்ற். பஞ்சில் ஐந்து துளி ஒரு கதவுக்கு. ஆறாவது துளி விட்டால் அக்காவின் இரண்டு விரல் வரும். கறுப்பில் வட்டமாகத் தேய்க்கக் கூடாது. கார் ஓடும்போது காற்று போகிற பக்கத்துக்கு நேராக இழுக்க வேண்டும். கொஞ்சம் வெளிறி வரும். விரல் நுனியால் ஒரு கோடு இழுத்துப் பார்ப்போம். கோடு பிசுபிசுத்தால் பொறுக்க வேண்டும். சுத்தமாக விழுந்தால் துடைக்கலாம். துணியை நாலாக மடித்தால் எட்டு முகம். ஒரு இடத்துக்கு ஒரு முகம். நிலத்தில் விழுந்த துணி புதுசு என்றாலும் சில்லு வாளிக்குப் போகும்.

அதற்குப் பிறகு ஒரு முழு நாள் தண்ணி படக்கூடாது. சீலன்ற் இறுக அவ்வளவு நேரம் வேண்டும்.

இனி பீற்றரின் கார்.

பீற்றருக்கு வலது தோள்மூட்டு போய்விட்டது. வலை இழுக்க ஏலாது. வள்ளத்தையும் எஞ்சினையும் விற்று, வாடகைக்கு ஓட ஒரு பழைய கார் வாங்கினான். கறுப்பு என்றபடியால் கேட்பார் இல்லாமல் நின்ற கார். வாங்கின பிறகுதான் காரணம் விளங்கியது. கலியாண வீட்டுக்குக் கறுப்பைக் கூப்பிட மாட்டார்கள். ஆறு மாதம் ஓட்டம் இல்லை. அப்போது முல்லைத்தீவில் ஒரு அலுவலகத்துக்கு ட்றைவரோடு கார் தேவைப்பட்டது. மாத வாடகை, ஒரு வருடத்துக்கு. பார்த்து ஒன்றை எடுக்க, திங்கள் பத்து மணிக்கு இரண்டு காரை வரச் சொல்லியிருந்தார்கள். ஒன்று இவனுடையது. மற்றது வெள்ளை. இதைவிடப் புதுசு.

வெள்ளிக்கிழமை காலை கொண்டுவந்தான்.

"மச்சான், இதைப் புதுசாக்கித் தா."

"புதுசாக்கேலாது. கறுப்பாக்கலாம்."

"இப்ப என்ன பச்சையோ?"

"இப்ப சாம்பல்."

சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "இது சரிவராட்டி நான் காரை வித்துப்போட்டு என்ன செய்யிறது, சொல்லு. கடலுக்கும் போகேலாது."

அக்கா காரைச் சுற்றிப் பார்த்தா. வெயிலில் பொனற் முழுக்கச் சிலந்தி வலை மாதிரிக் கீறல்.

"காலையில எதால தொடைக்கிறீங்க?"

"கட்டிப் பழசான சாரத்தாலை, அக்கா. தினமும் துடைக்கிறனான். ஒரு நாளும் விடுறேல்லை."

"அதான்," என்றா.

வன்னியில் பாதி ட்றைவர்மார் செய்கிற வேலை இது. கிரவல் புழுதியோடு காய்ந்த சாரத் துணியால் தேய்ப்பார்கள். எவ்வளவு அக்கறையோ அவ்வளவு கீறல்.

இரண்டு நாள் எடுத்தது. பெயின்ற் எவ்வளவு தடிப்பு என்று அளக்க எங்களிடம் மெசின் இல்லை. பழைய கார். அக்கா ஒரு தரம்தான் பொலிஷ் போட விட்டா. "இன்னொரு தரம் போட்டா பெயின்ற் தாங்காது" என்றா. சனி பின்னேரம் மூன்று மணிக்கு சீலன்ற் துடைத்து முடித்தோம். பீற்றர் வந்து பார்த்தான். காரின் கதவில் அவன் முகம் தெரிந்தது. கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நாளைக்கு மூணு மணி வரைக்கும் தண்ணி படக்கூடாதுங்க," என்றா அக்கா.

"நான் ஏன் கழுவப்போறன், அக்கா. மழையும் இல்லை."

கார் பட்டறையிலேயே நின்றது. பீற்றரும் றெஜினாவும் எங்கள் வீட்டில் தங்கினார்கள். பட்டறைத் திறப்பு வழக்கம்போல் என்னிடம்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் பீற்றர் வந்தான். "மச்சான், திறப்பைத் தா. பாதர் எட்டரைக்கு மற்றக் கோயிலுக்குப் போறார். அதுக்கு முன்னம் காரை ஒருக்கா மந்திரிச்சுக்கொண்டு வாறன். நாளைக்கு நல்ல காரியத்துக்குப் போறது."

கொடுத்தேன். மெல்ல ஓட்டு என்றேன். புழுதி றோட்டால் போகாதே என்றேன். கழுவாதே என்றும் சொன்னேன். எல்லாம் சொன்னேன்.

தீர்த்தமும் தண்ணி என்று எனக்கு வரவில்லை. அவனுக்கும் வரவில்லை. குழந்தை நாளில் இருந்து தலையில் வாங்கினது. அதை நாங்கள் தண்ணிக் கணக்கில் வைப்பதில்லை.

பாதர் செபம் சொல்லி, காரைச் சுற்றி வந்து தெளித்தார். பீற்றர் சும்மா நிற்கவில்லை. "பாதர், எஞ்சின் பக்கம் கூடத் தெளியுங்கோ" என்றானாம். தெளித்தார். பிறகு அதைத் துடைக்க அவனுக்கு மனம் வரவில்லை. மந்திரித்த தண்ணியை யார் துடைப்பார்கள். கோயில் முற்றத்து வெயிலில் விட்டுவிட்டு, பூசைக்கு வந்த ஆக்களுக்குக் காரைக் காட்டிக்கொண்டு நின்றான். ஒரு மணித்தியாலத்துக்கு மேல்.

அவனும் றெஜினாவும் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது நான் போய்ப் பொனற்றைப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக வளையம். அக்காவுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். "வர்றேன்" என்று மட்டும் சொன்னா. றெஜினா அழுதுகொண்டு பாதருக்குப் போன் எடுத்தா. அவரும் மற்றக் கோயில் பூசை முடித்து வந்து சேர்ந்தார்.

முதலில் சொன்ன ஐந்து பேரும் இப்படித்தான் அங்கே நின்றோம்.

அக்கா காரைப் பார்த்தா. என்னைப் பார்க்கவில்லை. புறங்கையை வைத்துச் சூடு பார்த்தா. நிழலுக்குத் தள்ளச் சொன்னா. பிறகு பாதரிடம் கேட்டா.

"பாதர், அது எந்தக் கெணத்துத் தண்ணிங்க?"

"கோயில் குழாய்க்கிணறு தான்."

"உப்பு ஏதும் போடுவீங்களா?"

"ஓம். மந்திரிக்கேக்க ஒரு சொட்டு உப்பு போடுறனாங்கள்."

தலையாட்டினா. டொக்டர் விசாரிப்பது போலத்தான் இருந்தது.

"என்ரை கை கொஞ்சம் தாராளம்," என்றார் பாதர். "இண்டைக்குத் தாராளம் கூடிப்போச்சு."

அக்கா ரேப்பைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்து ஒவ்வொரு வளையத்துக்குப் பக்கத்திலும் ஒட்டினா. கூரையில் விழுந்தவை லேசானவை. பற்றரித் தண்ணியிலேயே போய்விட்டன. பொனற்றில் இருந்தவை போகவில்லை. ஒட்டி முடிந்ததும் எண்ணினேன். அறுபத்து மூன்று.

"திரும்பப் பொலிஷ் போடுவமோ?" என்று கேட்டேன்.

"போட்டா பெயின்ற் போயிரும்ணே. வளையம் சீலன்றுல மட்டும்தான் இருக்கான்னு பாப்போம். வினாகிரி கொண்டாங்க."

றெஜினா முன்னுக்கு வந்தா. "வினாகிரியோ? மந்திரிச்ச தண்ணிக்கு மேலை வினாகிரியோ? சிலுவையிலை கர்த்தருக்குக் குடுத்தது காடி. அதைக் கொண்டுவந்து ஆசீர்வாதத்தை அழிக்கிறதோ?"

பீற்றருக்குக் காரும் வேண்டும், ஆசீர்வாதமும் வேண்டும்.

அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றா. "அவங்க சரின்னு சொன்னாத்தான் தொடுவேன். அவங்க சாமி தண்ணி."

எல்லாரும் பாதரைப் பார்த்தோம். அவர் அப்போதுதான் ஹெல்மெற்றைக் கழற்றினார்.

"றெஜினா, ஆசீர்வாதம் தெளிச்ச உடனை சேர்ந்திட்டுது. இப்ப கிடக்கிறது கோயில் கிணத்துச் சுண்ணாம்பு. அதைத் துடைக்கலாம்."

"வடிவாத் தெரியுமோ, பாதர்?"

"கோயில் கேத்தலைக் கழுவுறது நான்தான். தெரியும்."

அக்கா வேலையைத் தொடங்கினா. வினாகிரி பாதி, பற்றரித் தண்ணி பாதி. பஞ்சை நனைத்து ஒரு வளையத்துக்கு மேல் வைத்தா. தேய்க்கவில்லை. "ஒரு நிமிசம் இருக்கணும். கூடினா சீலன்றுக்கு அடியில போயிரும். யாராச்சும் எண்ணுங்க."

ஒருவர் கையிலும் மணிக்கூடு இல்லை. போனை எடுத்துப் பார்க்க யாருக்கும் நினைவு வரவில்லை. றெஜினாதான் சொன்னா, சின்னக் குரலில். "மூண்டு அருள்நிறைந்த மரியே சொன்னால் ஒரு நிமிசம்."

"சொல்லுங்க," என்றா அக்கா.

சொன்னா. மூன்றாவது ஆமென் வந்ததும் அக்கா பஞ்சைத் தூக்கினா. பற்றரித் தண்ணியால் ஒற்றினா. காய்ந்த துணியை மேலே வைத்து எடுத்தா. குனிந்து பக்கவாட்டில் பார்த்தா. பிறகு இரண்டு விரலை அந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்து என்னைப் பார்த்தா.

நானும் குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெறும் கறுப்பு.

அந்த விரலை அவா பிழை இல்லாத இடத்தில் வைத்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

பிறகு இரண்டு இரண்டாக வைத்தோம். றெஜினா செபம் சொன்னா. அக்கா சைவம். மூன்றாவது ஆமெனுக்கு அவா கை தானாக எழும்பியது. கடைசியில் அவாவின் உதடும் அசைந்தது. பாதர் பத்து வளையம் வரைக்கும் நின்றுவிட்டு, "இங்கை என்னைவிடக் கூடச் செபம் நடக்குது" என்று சொல்லிப் போனார்.

இரண்டு மணிபோல் ஒரேயொரு ரேப் துண்டு மிச்சம் இருந்தது. வைப்பருக்குக் கிட்ட, இடது ஓரத்தில்.

"அக்கா," என்றா றெஜினா. "அந்த ஒண்டை விடுங்கோ."

அக்கா நிமிர்ந்தா. கறுப்புக் காரில் ஒரு புள்ளியையும் விட்டுப் பழகாத ஆள். குவைத்தில் இருந்து அப்படித்தான். பஞ்சு கையில் இருந்தது. ரேப்பைப் பார்த்தா. றெஜினாவின் மாலையைப் பார்த்தா. பிறகு பஞ்சை வாளிக்குள் போட்டா.

"சரி. இருக்கட்டும். அதுக்கு மேலயே பூசிடுவோம். போகாது."

பொனற் முழுக்கத் திரும்ப சீலன்ற் பூச வேண்டும். அக்கா பூசுவா என்று நான் விலகி நின்றேன். அவா புதுப் பஞ்சை எடுத்து என்னிடம் நீட்டினா.

"நீங்களே பூசுங்கண்ணே."

திறப்பைப் பற்றி அன்றைக்கும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. நான் துளியை எண்ணி விட்டேன். காற்றுப் போகிற பக்கத்துக்கு நேராக இழுத்தேன். விரலால் கோடு போட்டுப் பார்த்தேன். இவ்வளவு வருடத்தில் நான் பூசின பொனற்றுகளில் அதற்குத்தான் கூட நேரம் எடுத்தேன்.

திங்கள் விடிய ஆறுக்கு வெளிக்கிடவே பீற்றர் நினைத்திருந்தான். அக்கா விடவில்லை. "பனித் தண்ணியும் தண்ணிதான். ஏழு மணிக்குப் போங்க." ஏழுக்குப் போனான். றெஜினா அவன் மடியில் இருந்த சாரத்தைப் பிடுங்கி, அக்கா கொடுத்த மெத்தென்ற துணியை வைத்துவிட்டா.

பத்தரைக்குப் போன் வந்தது.

"மச்சான், அலுவலகப் பெரியவர் காரைச் சுத்தி வந்தவர். குனிஞ்சவர். பொனற்றிலை முகம் பாத்து மீசையைத் தடவினவர்."

"பிறகு?"

"பிறகு வெள்ளைக் காரடிக்குப் போகேல்லை."

நான் அக்காவிடம் சொன்னேன். "நல்லது" என்றா. பலகையை எடுத்தா. வாடிக்கையாளர் பார்க்கச் சுவரில் மாட்டியிருக்கும் பலகை. சீலன்ற் பூசி ஒரு நாள் தண்ணி படக்கூடாது என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே எழுதினா: தீர்த்தம், இளநீர், பால், பன்னீர், தேசிக்காய்த் தண்ணி, எல்லாம் தண்ணிதான்.

"எங்க ஆளுங்களும் லேசில்லண்ணே," என்றா. "தேங்காய பொனற்றுக்கு நேரா ஒடைப்பாங்க."

அந்தப் பலகை இன்றைக்கும் அங்கேதான் தொங்குகிறது. வேறு பட்டறைக்காரர் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

பீற்றரின் வேலை ஒரு வருடத்துக்குத்தான் என்று சொன்னார்கள். இப்போதும் ஓடுகிறான். ஐந்து மாதத்துக்கு ஒரு தரம் கார் பட்டறைக்கு வரும். பழைய சீலன்ற்றை எடுத்துப் புதிதாகப் பூசுவோம். அந்த இடது ஓரத்தில் மட்டும் அக்கா ரேப் ஒட்டி மறைத்துவிட்டு மற்றதைச் செய்வா. ரேப்பை எடுத்து அதற்கு மேலே பூசுவா. ஒவ்வொரு தரமும். யாரும் சொல்லத் தேவையில்லை.

எனக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்தது. ஒப்பரேசன் செய்தும் கறுப்பில் கீறல் பிடிபடவில்லை. பிடிபடாதவன் அந்த வேலைக்கு நிற்கக் கூடாது. நானே போய்ச் சொன்னேன். பிறகு அக்காவிடம் திறப்பை நீட்டினேன். வாங்கவில்லை. "வச்சிருங்கண்ணே. யாராச்சும் கிட்டத்துல வச்சிருக்கணும்" என்றா. இன்றைக்கும் என் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

ஆகவே கேட்கிற ஆக்களுக்கு என் பதில் இது. கறுப்புக் காருக்கு எதைப் பூசலாம் என்று சாமான் போத்தலில் பார்க்க வேண்டாம். உங்கள் கொட்டிலைப் பாருங்கள். உங்கள் தண்ணியைப் பாருங்கள். ஒரு பழைய பொனற்றை வேலியில் கட்டுங்கள். எதைத் திரும்ப எடுக்கத் தெரியுமோ அதைப் பூசுங்கள்.

போன கிழமை பீற்றர் வீட்டுக்கு வந்தான். காரை வாசலில் விட்டான். நான் வெளியில் வந்து, புறங்கையை வைத்துச் சூடு பார்த்தேன். ஆறியிருந்தது. நல்ல கண்ணைக் கிட்டக் கொண்டுபோய் இடது ஓரத்தில் தேடினேன். பீற்றர் கேட்டான், "இருக்கோ?"

எண்ணினேன். ஒன்று.